பதினான்காம் இலக்கத்துப் பிள்ளை

மகள் இறந்து எட்டு மாதங்களுக்குப் பிறகு மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கப் போனேன். முதல் நாளே சாப்பாட்டுக் கோப்பைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. அது சரியாக இருந்திருக்கக் கூடாது.

எங்கள் பள்ளிக்கூடம் உருத்திரபுரத்துக்கு அப்பால், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான். வாய்க்காலின் தலைப்பக்கம் காணி உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். எங்களைப்போல ஒன்றரை ஏக்கர்க்காரர்களின் பிள்ளைகளும், வால்பக்கத்துக் காட்டோரம் உறுதிப் பத்திரம் இல்லாத காணிகளில் குடியிருக்கும் மலையகத்துச் சனங்களின் பிள்ளைகளும் இங்கே மிஞ்சுகிறார்கள். மொத்தம் இருபத்தேழு பேர். எல்லோருக்கும் ஒரே மண்டபம், ஒரே வரவு இடாப்பு, இரண்டு ரீச்சர்மார். அதிபர் வேலையையும் ராஜினி ரீச்சர்தான் பார்த்தார்.

பிள்ளைகளின் தாய்மாரில் ஒருத்தி சமைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. சோறும் பருப்பும் சோயாமீற்றும், கிடைத்தால் ஒரு கீரை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சில்வர் கோப்பை. அதன் அடியில் பிள்ளையின் இடாப்பு இலக்கத்தைச் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸால் எழுதியவள் நான். பதினான்கு என் மகள் சாரங்காவின் இலக்கம்.

அன்று சாப்பாடு முடிந்து கழுவ வந்த கோப்பைகளில் பதினான்காம் இலக்கமும் இருந்தது. விளிம்பில் ஒரு கறிவேப்பிலை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"புதுசா ஆரும் சேந்திருக்கினமோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

ராஜினி ரீச்சர் கையிலிருந்த சோக்குத் துண்டைப் பார்த்தார். "ஓம் அக்கா... அப்பிடித்தான்," என்றார்.

ஒரு பிள்ளை விலகினால் அந்த இலக்கத்தை அடுத்து வருகிற பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சாரங்கா இறந்தது நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாத ஆடி மாதத்தில். மாலை நேரம் மாட்டுக்கொட்டில் அருகே புடையன் பாம்பு கடித்தது. எங்கள் ஒழுங்கையில் மூன்று ஓட்டோக்கள் நின்றன. ஒன்றிலும் ஒரு துளி எண்ணெய் இல்லை. என் கணவர் ஜெயந்தன் அவளைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனார். பிரதான வீதியில் ஒரு உழவு இயந்திரம் அகப்பட்டபோது அவளுக்குக் கண் மூடிவிட்டது. சண்டைக் காலத்தில் செல் வீச்சுக்குள்ளும் முகாமுக்குள்ளும் தப்பி வந்தவள் நான். இரண்டு தம்பிமாரை அங்கே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பிறந்த ஒரே பிள்ளை அவள்.

எங்கள் வழக்கத்தில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீட்டு வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும். அன்று குழி வெட்ட வந்தவன் சஜீவன். காட்டோரத்தில் இருந்து கூலி வேலைக்கு வருகிறவன். நான் ஓடிப்போய்ச் சாரங்காவின் புத்தகப்பையைக் கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தேன். தவணை தொடங்கிய கிழமை வாங்கிய நீலப் பை. தோள்பட்டி பிய்ந்த இடத்தை மஞ்சள் நூலால் நான் தைத்திருந்தேன்.

"இதையும் அவளோடை வைச்சுவிடு தம்பி," என்றேன்.

"வைக்கிறன் அக்கா," என்றான்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் நாள் காலை, பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல் கொட்டில் மண்டபத்தின் பின்சுவரோடு ஒட்டியது. ரீச்சர் இடாப்புக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கும்.

"பதின்மூண்டு, டனுசன்."

"வந்திருக்கிறன் ரீச்சர்."

"பதினாலு, சாரங்கா."

சட்டி நிரம்பித் தண்ணீர் என் காலில் வழிந்தது.

"வந்திருக்கிறன் ரீச்சர்."

ஒரு பெண்பிள்ளையின் குரல், கொஞ்சம் கரகரப்பு. என் மகளின் குரல் என்று சொல்ல மாட்டேன். அது அவளுடையதல்ல என்றும் அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. முகம் அப்படியே இருக்கிறது, குரல்தான் முதலில் மறந்துபோகிறது. அதை நான் அந்த இடத்தில்தான் அறிந்தேன்.

சுவரைச் சுற்றி ஓடினேன். வாசலில் நான் நின்றதும் ரீச்சர் பதினைந்தாம் பெயரை நடுவில் விட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். யன்னலோரத்துக் கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. அதன் முன்னால் மேசையில் ஒரு கொப்பி திறந்தபடி கிடந்தது. பென்சில் ஒன்று உருண்டு போய் மேசை விளிம்பில் நின்றது.

"என்னக்கா?" என்றார் ரீச்சர்.

"உப்பு முடிஞ்சுது," என்றேன்.

வீட்டில் சொன்னபோது ஜெயந்தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உனக்கென்ன விசரே? சமைக்கப் போகவேண்டாம் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

"இஞ்சேருங்கோ, நான் காதாலை கேட்டனான்."

"நானும் கேக்கிறனான். மாட்டுக்குத் தண்ணி வைக்கேக்கை பின்னாலை நிண்டு அப்பா எண்டுறாள். திரும்பிப் பாக்கிறனானே? இல்லை. நீயும் திரும்பாதை."

ஆனால் நான் திரும்பினேன். தினமும் காது கொடுத்துக் காத்திருந்தேன். பதினான்காம் பெயருக்குப் பதில் வராத நாளே இல்லை. என் மகளே கிழமைக்கு ஒரு நாள் மட்டம் போடுகிறவள். சாப்பாடு போடும்போது டனுசன் இரண்டு கோப்பைகளோடு வந்து நிற்பான். ஒன்றை வாங்கியதும் முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு போவான். ஒருநாள் வேப்பமரத்துப் பக்கம் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"சாரங்கா, உனக்குத்தான் சோயாமீற் கூட!"

"போடா, பொறாமை பிடிச்சவனே. உன்ர வயித்தைப் பார், பறை மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அகப்பையோடு அங்கே போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன கதை நடக்குது?" என்று கேட்டேன். ஒரு சின்னவள் அழத் தொடங்கினாள்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட நேரம். நல்ல வெயில். விறகு தேடி வாய்க்கால் கட்டால் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு ஒரு பெண்பிள்ளை தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். முதுகில் நீலப் பை. தோள்பட்டியில் மஞ்சள் நூல்.

அந்தப் பை மண்ணுக்குள் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். என் கையால் கொடுத்துவிட்டது. வெயிலில் மஞ்சள் நூலின் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. நடுவில் ஒன்று கோணல். அதைத் தைக்கும்போது சாரங்கா என் கையைத் தட்டியிருந்தாள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் திரும்பிவிடுவாளே என்ற பயம் வந்தது. திரும்பாமல் போய்விடுவாளே என்ற பயமும் வந்தது. கடைசியில் கூப்பிட்டேன்.

"சாரங்கா."

"ஓம்," என்று திரும்பினாள்.

அது வேறு முகம். கறுத்து, மெலிந்து, கன்னத்தில் ஒரு மச்சத்தோடு.

"நீ ஆற்றை பிள்ளை?"

"சஜீவன்ர."

"உன்ர பேர் என்ன?"

"சாரங்கா."

"அது என்ர பிள்ளையின்ர பேர். உன்ர பேரைச் சொல்லு."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், வாய்ப்பாட்டில் மறந்த இடத்தைத் தேடுவதுபோல. பிறகு, "வீட்டிலை சுகந்தினி எண்டுறவை," என்றாள்.

பையை வாங்கித் திறந்தேன். உள்ளே சாரங்காவின் தமிழ்க் கொப்பி. நாலாம் வகுப்பில் அவள் எழுதியது. 'ழ'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுப்பது அவள் பழக்கம். ரீச்சர் எத்தனை முறை ஏசியும் மாறாதது. ஆடி மாதத்தில் அவள் விட்ட பாடம் வரை பக்கங்களைப் புரட்டினேன். அடுத்த பக்கத்திலும் எழுத்து இருந்தது. அதற்கடுத்ததிலும். அதே வால், அதே சாய்வு. திகதியைப் பார்க்காவிட்டால் எந்த இடத்தில் என் பிள்ளை நின்றாள், எந்த இடத்தில் மற்றவள் தொடங்கினாள் என்று எனக்கே தெரிந்திருக்காது. கடைசிப் பக்கத்தில் முந்தின நாள் பாடம் இருந்தது.

அப்படியே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். ராஜினி ரீச்சர் தர்மபுரத்துக்குப் போகிற பஸ்ஸுக்காக வாசலில் நின்றார். என் கையில் கொப்பியைக் கண்டதும் பஸ்ஸை விட்டுவிட்டு என்னை மண்டபத்துக்குள் கூட்டிப் போனார்.

"இருங்கோ அக்கா. சொல்லுறன்."

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்குச் செத்த பிள்ளையின்ர பேரோ ரீச்சர்?"

"அவள் ஒரு வருசமா அந்த யன்னலடியிலை வெளியிலை நிண்டவள். நான் கேள்வி கேட்டால் உள்ளை இருக்கிறதுகளுக்கு முதல் அவள் சொல்லுவாள். சேர்ப்பம் எண்டால் பிறப்புப் பதிவு இல்லை. காட்டுக்கரையிலை வீட்டிலை பிறந்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் கலியாணப் பதிவு இல்லை. அவையின்ர சொந்தப் பதிவே சண்டைக்குள்ளை துலைஞ்சுபோச்சு. இப்ப தாயும் இல்லை. உத்தேச வயதுப் பத்திரம் எடுக்கச் சொல்லி நான்தான் அனுப்பினனான். சஜீவன் ஏழு தரம் போனவன். ஒவ்வொரு தரமும் இன்னொரு கடுதாசி கொண்டுவரச் சொல்லி விட்டவை. போற நாளிலை அவனுக்குக் கூலி இல்லை. எட்டாந்தரம் அவன் போகேல்லை."

"அதுக்கு?"

ரீச்சர் மேசையில் கிடந்த இடாப்பைத் தன் பக்கம் இழுத்தார். "சாரங்காவின்ர பேரை நான் வெட்டேல்லை அக்கா. வெட்டோணும் எண்டு தெரியும். கை வரேல்லை. ஒரு நாள் காலமை, பழக்கத்திலை, பதினாலு சாரங்கா எண்டு கூப்பிட்டிட்டன். கூப்பிட்ட பிறகுதான் உணர்ந்தன். பிள்ளையளெல்லாம் என்னைப் பாக்குதுகள். அப்ப யன்னலுக்கு வெளியாலை இருந்து, வந்திருக்கிறன் ரீச்சர் எண்டு கேட்டுது. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. எழும்பிப் போய்ப் பாத்தன். அவள் நிண்டாள். 'அந்தக் கதிரையிலை ஒருத்தரும் இல்லைத்தானே ரீச்சர்' எண்டாள். உள்ளை வா எண்டன்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான படிவம். சாரங்கா ஜெயந்தன் என்று எழுதியிருந்தது. பெற்றோரின் கையெழுத்துக்கு உரிய கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. மகளின் பிறப்புப் பதிவின் பிரதி பள்ளிக்கூடத்தில் ஏற்கனவே இருந்தது. இறப்புப் பதிவை நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"அவள் பாஸ் பண்ணுவாள். நகரத்துப் பள்ளிக்கூடம், விடுதி, மாதாமாதம் உதவி, எல்லாம் கிடைக்கும். கையெழுத்து வைக்காட்டி அவள் திரும்ப யன்னலுக்கு வெளியிலை. அதுவும் இந்த வருசம் மட்டும்தான். அடுத்த வருசம் நிக்கிறதுக்கு யன்னலும் இல்லை. இதைப்பற்றி நீங்கள் ஆரிட்டையும் சொன்னால் எனக்கு வேலையும் போகும். போகட்டும். நான் மறுக்கேல்லை."

படிவத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மறுநாள் காலை சஜீவன் வந்தான். படலைக்கு உள்ளே வரவில்லை. வெறும் கையோடு, சறத்தை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டபடி நின்றான்.

"அக்கா, களவெடுத்தவன் எண்டு சொல்லுங்கோ. கேக்கிறன்."

"ஏன் சஜீவன் அப்பிடிச் செய்தனி?"

"குழிக்குள்ளை வைச்சனான் அக்கா. சத்தியமா வைச்சனான். எல்லாரும் போன பிறகு மண் போடேக்கை கை வரேல்லை. புதுப் பை. உள்ளை முழுக்கக் கொப்பி. எழுதாத பக்கம் எவ்வளவு கிடந்தது. வீட்டை ஒருத்தி கரியாலை சிமெந்திலை எழுதிக்கொண்டு இருக்கிறாள். நான் குனிஞ்சு எடுத்திட்டன். உங்கட பிள்ளையிட்டைக் கேட்டுத்தான் எடுத்தனான்."

உள்ளே இருந்து ஜெயந்தன் வந்தார். "என்ர பிள்ளை என்ன சொன்னவள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சஜீவன் நிலத்தைப் பார்த்தான். "ஒண்டும் சொல்லேல்லை அண்ணை."

அவன் போன பிறகு ஜெயந்தன் என்னிடம், "நீ கையெழுத்து வைச்சால் அவள் செத்தது பொய்யாப் போகும்," என்றார். "எனக்கு அவள் செத்தது உண்மையா இருக்கோணும். இல்லாட்டி நான் அந்தச் சைக்கிளை ஏன் மிதிச்சனான்?"

மூன்று நாள் படிவம் அலுமாரிக்குள் கிடந்தது. இரக்கத்தால் கையெழுத்து வைத்தேன் என்று எழுதினால் அது பொய். அந்தப் பிள்ளையின் தலைவிதி என்னை வருத்தியது உண்மை. ஆனால் கையைப் பேனாவுக்குக் கொண்டுபோனது வேறு ஒன்று. சாரங்கா ஜெயந்தன் என்ற பெயர் ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் ஆறுக்குப் போவதை நான் பார்க்க விரும்பினேன். நான் ஓ.எல் பரீட்சை எழுத வேண்டிய வருடம் இடம்பெயர்ந்து கொண்டிருந்தோம். எனக்குக் கிடைக்காத வகுப்புகளுக்கு என் பிள்ளையின் பெயராவது போகட்டும் என்று நினைத்தேன். நாலாம் நாள் கையெழுத்து வைத்தேன்.

அவள் பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளிக்கு மேலே பதினெட்டுப் புள்ளிகள். அடுத்த வருடத் தொடக்கத்தில் நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விடுதியோடு இடம் கிடைத்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது இப்போது ஜெயந்தன் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டேன்.

விடுதியில் மாதத்தின் கடைசி ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். தாயும் தகப்பனும் மட்டும், வேறு ஒருவரும் இல்லை. முதல் மாதம் நானும் சஜீவனும் பஸ்ஸில் போனோம். அவன் வெள்ளை உடுப்புப் போட்டு, அவித்த கச்சான் கடலையை ஒரு பையில் கட்டி மடியில் வைத்திருந்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

"கண்டவுடனை அழுவாள் அக்கா. சின்னனிலையே அப்பிடி. நான் வேலைக்குப் போய் வரப் பிந்தினால் படலையிலை நிண்டு அழுவாள்."

வாசலில் காவலாளி பெயர் கேட்டார். நான் தாய் என்றேன். சஜீவனைப் பார்த்து, "நீங்கள்?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். "கூட்டிக்கொண்டு வந்தவர்," என்றேன். கச்சான் பையை என்னிடம் தந்துவிட்டு வீதிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு மரத்தடியில் நின்றான். அங்கிருந்து பார்த்தால் மண்டபத்தின் வாசல் தெரியும்.

புத்தகத்தில் எழுதினேன். மாணவி: சாரங்கா ஜெயந்தன். பார்வையாளர்: ஜெயரூபி ஜெயந்தன். உறவு: தாய்.

அவள் வந்தாள். வளர்ந்திருந்தாள், சதை பிடித்திருந்தாள். "அம்மா," என்று வந்து என் அருகே மர வாங்கில் இருந்தாள். அழவில்லை. விடுதிப் பொறுப்பாளர் மண்டபத்தின் மற்ற மூலையில் இருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது.

கச்சானை உடைத்துத் தின்றபடி பாடங்களைப் பற்றிச் சொன்னாள். விஞ்ஞானத்துக்குத் தனி அறை, நூலகத்தில் மின்விசிறி, இங்கிலிஷுக்கு ஒரு ரீச்சர். கண்கள் பளபளத்தன. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"எங்கட மாடு கண்டு போட்டுதோ அம்மா?" என்றாள்.

அவர்களுக்கு மாடு இல்லை. எங்கள் மாட்டை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. அந்தக் கொப்பியில், 'எங்கள் வீட்டு மாடு' என்று சாரங்கா ஒரு கட்டுரை எழுதியிருந்தாள்.

"இன்னும் இல்லை," என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா வந்திருக்கிறார். வீதிக்கு அங்காலை மரத்தடியிலை நிக்கிறார். வாசலடிக்கு வந்தால் தெரியும். வா பிள்ளை, ஒருக்கா முகத்தைக் காட்டு," என்றேன்.

அவள் கச்சான் கோதைப் பையில் போட்டாள். என்னை நேராகப் பார்த்தாள். பொய் சொல்கிற கண் எனக்குத் தெரியும். அதில் பொய் இருக்கவில்லை.

"அப்பா வயலிலை எல்லோ அம்மா," என்றாள். "இப்ப நெல் அருவி வெட்டுக் காலம்."

மணி அடித்தது. எழுந்து போனாள். வாசல்பக்கம் திரும்பவே இல்லை.

நான் வெளியே வந்தபோது சஜீவன் வெயிலுக்குள் வந்து நின்றான். "என்னை விசாரிச்சவளே அக்கா?"

"ஓம்."

"என்ன கேட்டவள்?"

"அப்பா சாப்பிட்டவரோ எண்டு கேட்டவள்."

அவன் முகத்தைத் துடைத்தான். பஸ் பரந்தனைத் தாண்டியதும் மறுபடி கேட்டான், வேறு என்ன சொன்னாள் என்று. இருமல் சுகமோ என்று கேட்டதாகச் சொன்னேன். பிறகும் கேட்டான். வாசலுக்கு வந்து பார்க்க ஆசையாம், பொறுப்பாளர் ஏசுவார் என்று பயமாம், என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான். நாங்கள் இறங்கும் நேரத்தில் அவள் பேசிய ஒரு முழுக் கதை எங்கள் இருவரிடமும் இருந்தது. அவளுடைய குரலில்தான் சொன்னேன். கொஞ்சம் கரகரப்போடு.